சாரல் சீசனும் ஓய்வெடுக்கும் ஒழுக்கமும்



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக. அம்மா பஃது.

கண்ணியத்திற்குரிய அல்லாஹ்வின் நல்லடியார்களே!

ஆரியங்காவு கணவாய் வழியாகக் காற்று இறங்கிவிட்டது. தென்காசியில் வெயில் அடிக்கும்போதே முகத்தில் சாரல் தெறிக்கிறது. பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் எல்லா இடத்திலும் கூட்டம். இந்தப் பள்ளியின் ஸஃப்களிலும் வெளியூர் முகங்கள் நிறையத் தெரிகின்றன. வந்திருக்கும் மேலப்பாளையத்து, மதுரை, சென்னை சகோதரர்களே, மர்ஹபா! உங்கள் வருகையை முன்வைத்துத்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். நீங்கள் ஓய்வெடுக்க வந்திருக்கிறீர்கள். ஆனால் உங்களில் பலர் வந்ததைவிட அதிகக் களைப்போடு திரும்பிப் போவதை, இந்த ஊரில் இருக்கும் நாங்கள் ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறோம்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். மார்க்கப் பற்றுள்ள சிலருக்கு ஊர் சுற்றுவது, அருவி பார்ப்பது எல்லாம் வீண் வேலை என்ற எண்ணம் இருக்கிறது. பிள்ளைகள் கேட்டால், அந்த நேரத்தில் குர்ஆன் ஓதலாமே என்கிறார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் அபூதாவூதில் ஒரு ஹதீஸ் இருக்கிறது. ஊரை விட்டு வெளிப்புறங்களுக்குப் போவதைப் பற்றி அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்படுகிறது. அதற்கு அன்னையவர்கள், நாயகம் (ஸல்) அவர்கள் ‘திலாஃ’ என்ற இடங்களுக்குப் போய் வருவார்கள் என்று சொன்னார்கள். திலாஃ என்றால் என்ன? மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் இறங்கி ஓடுகின்ற ஓடைகள். சகோதரர்களே, மதீனாவில் குற்றாலம் கிடையாது. மழை பெய்தால் ஓடும் ஓடைகள்தான் உண்டு. அந்த ஓடைகளைப் பார்க்க நம் நாயகம் போனார்கள். வஹீ வந்துகொண்டிருந்த, ஒரு சமுதாயத்தையே தோளில் சுமந்த பெருமானாருக்கு அதற்கு நேரம் இருந்தது.

அபூதல்ஹா (ரலி) அவர்களின் ‘பைருஹா’ தோட்டத்துக்குள் சென்று அங்குள்ள நல்ல தண்ணீரைக் குடிப்பார்கள் என்று புகாரியில் வருகிறது. மழை பெய்தபோது மேலாடையைச் சற்று விலக்கி மேனியில் மழைத்துளி படும்படி நின்றார்கள். ஏன் என்று கேட்டதற்கு, இது தன் ரப்பிடமிருந்து புதிதாக வந்திருக்கிறது என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். அனஸ் (ரலி) அறிவிக்கும் இந்தச் செய்தி முஸ்லிமில் இருக்கிறது. சாரலில் நனையும்போது இந்த நினைப்பு வந்தால், அந்த நனைதலும் ஸுன்னத்தைச் சேர்ந்ததாகிவிடும்.

அல்லாஹ் நபா அத்தியாயத்தில் தன் அருட்கொடைகளை வரிசைப்படுத்துகிறான். பூமியை விரித்தது, மலைகளை முளைகளாக நட்டது, மனிதர்களை ஜோடிகளாகப் படைத்தது. அடுத்ததாகச் சொல்வது, உறக்கத்தை இளைப்பாறுதலாக ஆக்கியது. மலையைச் சொன்ன இடத்தில் தூக்கத்தையும் சொல்கிறான். ஓய்வு என்பது சோம்பேறிகளின் வேலை என்றிருந்தால் அதை இந்தப் பட்டியலில் வைத்திருப்பானா?

ஹன்ளலா (ரலி) அவர்களின் சம்பவம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஹன்ளலா நயவஞ்சகனாகிவிட்டான் என்று தன்னைப் பற்றித் தானே புலம்பிக்கொண்டு போகிறார்கள். என்ன காரணம்? நாயகத்தின் சபையில் இருக்கும்போது சொர்க்கமும் நரகமும் கண்ணுக்குத் தெரிவதுபோல் இருக்கிறது. வீட்டுக்குப் போனால் மனைவி, மக்கள், தோட்டம் துரவு என்று எல்லாம் மறந்துபோகிறது. அபூபக்கர் (ரலி) அவர்களும், எனக்கும் அப்படித்தான் இருக்கிறது என்கிறார்கள். இருவரும் போய் நாயகத்திடம் முறையிட்டபோது, ஒரு நேரம் அப்படி, ஒரு நேரம் இப்படி என்ற பொருளில் மூன்று முறை சொல்லி ஆறுதல் தந்தார்கள்.

இந்த ஹதீஸைச் சிலர் தங்கள் வசதிக்கு வளைத்துக்கொள்வதும் உண்டு. ஊரில் அஞ்சு வேளையும் பள்ளிக்கு வருகிறவர், குற்றாலத்துக்கு வந்ததும் லாட்ஜ் அறையில் வேறு மாதிரி ஆகிவிடுகிறார். கேட்டால் ‘ஒரு நேரம் இப்படி’ என்கிறார். ஹன்ளலா (ரலி) சொன்னது மனைவியையும் மக்களையும் தோட்டத்தையும் பற்றி. பாட்டிலைப் பற்றி அல்ல.

ஓய்வு எங்கே காணாமல் போகிறது?

ஒரு குடும்பத்தின் மூன்று நாள் பயணத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ராத்திரி பதினொரு மணிக்கு வேன் ஏறுகிறார்கள். விடிய விடியப் பாட்டும் சத்தமும். பஜ்ர் போய்விட்டது. வந்து இறங்கியதும் பேரருவியில் வரிசை. அங்கே நின்றுகொண்டே, ஐந்தருவியில் கூட்டம் எப்படி என்று போனில் விசாரிக்கிறார்கள். தலையில் தண்ணீர் விழுந்த ஐந்தாவது நிமிஷம், போதும் வா, அடுத்த இடம் போகணும் என்று பிள்ளைகளை இழுக்கிறார்கள். மதியம் பார்டரில் பரோட்டா, அங்கேயும் இடம் பிடிக்கச் சண்டை. இதற்கிடையில் ரம்புட்டான் வாங்கணும், மங்குஸ்தான் வாங்கணும், போட்டோ எடுக்கணும், எடுத்ததை ஸ்டேட்டஸ் வைக்கணும், யார் பார்த்தார்கள் என்று பார்க்கணும். மூன்றாம் நாள் ராத்திரி அதே வேன். மறுநாள் காலை கடை திறக்க வேண்டும். இதில் ஓய்வு எந்த நிமிஷத்தில் இருந்தது?

அன்னை ஆயிஷா (ரலி) சொன்ன அந்த ஓடை ஹதீஸின் பின்பகுதியை இங்கே சொல்ல வேண்டும். ஒருமுறை நாயகம் (ஸல்) அப்படி வெளியே போக நாடியபோது, அன்னைக்கு ஓர் ஒட்டகத்தை அனுப்பிவைத்தார்கள். அது பழக்கப்படாத ஒட்டகம். அதைக் கொடுத்துவிட்டு நாயகம் சொன்ன உபதேசம் மென்மையைப் பற்றி. மென்மை எந்தக் காரியத்தில் சேர்ந்தாலும் அதை அழகாக்கும், எதிலிருந்து எடுக்கப்பட்டாலும் அதைக் கெடுத்துவிடும் என்ற கருத்தில் சொன்னார்கள். இந்த உபதேசம் எந்த இடத்தில் வந்தது என்று பாருங்கள். உல்லாசமாக வெளியே கிளம்பும் நேரத்தில்! ஏனென்றால் நாம் அதிகமாகக் கோபப்படுவது அப்போதுதான். பழகாத ஒட்டகம் இன்றைக்குக் கிடையாது. லேட்டாக வரும் வேன், சொன்னதுக்கு மாறாக இருக்கும் ரூம், அடம் பிடிக்கும் குழந்தை, காணாமல் போன ஒற்றைச் செருப்பு, இவைதான் இன்றைய ஒட்டகங்கள். சீசன் நாட்களில் அருவிக்கரையில் பிள்ளைகளை அடிக்கும் தகப்பன்மாரை நான் பார்த்திருக்கிறேன். ஆயிரக்கணக்கில் செலவழித்து இவ்வளவு தூரம் கூட்டி வந்து அடிக்கிறார்! அந்தப் பிள்ளைக்குப் பெரியவனான பிறகு எது ஞாபகம் இருக்கும், அருவியா, அடியா?

இன்னொன்று. ஆண்களே, கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். காட்டேஜ் எடுத்துத் தங்குகிறோம், சமையல் சாமான் எல்லாம் ஊரிலிருந்தே கொண்டு வந்துவிட்டோம், செலவு மிச்சம் என்று பெருமையாகச் சொல்கிறீர்கள். சமைப்பது யார்? ஊரில் ஐந்து பேருக்குச் சமைத்த பெண், இங்கே இருபது பேருக்குச் சமைக்கிறார். மற்றவர்கள் மூன்று தடவை குளித்துவிட்டு வந்து பசிக்கிறது என்கிறார்கள். அவருக்கு இது விடுமுறையா?

ஒரு பெருநாளில் அபிசீனியர்கள் மஸ்ஜிதில் ஈட்டி விளையாட்டு விளையாடினார்கள். நாயகம் (ஸல்) அன்னை ஆயிஷாவைத் தனக்குப் பின்னால் மறைவாக நிறுத்தி, அதைப் பார்க்க வைத்தார்கள். அன்னையே சலித்துப் போதும் என்று சொல்லும்வரை நின்றார்கள். புகாரியில் இருக்கும் செய்தி. ஒரு தலைவர், இறைத்தூதர், தன் மனைவி ஆசை தீரப் பார்த்து முடிக்கும்வரை அசையாமல் நிற்கிறார். நாம் என்ன செய்கிறோம்? பெண்கள் பகுதிக்குப் போனவர்கள் கால் மணி நேரத்தில் வரவில்லை என்றால் வாசலில் நின்று கத்துகிறோம். இந்தப் பயணத்தில் ஒரு வேளைச் சமையலையாவது ஆண்கள் செய்யுங்கள். அல்லது கடையில் வாங்குங்கள். குழந்தைகளை ஒரு மணி நேரம் நீங்கள் வைத்துக்கொண்டு, அவர்களை நிம்மதியாகக் குளித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

அபுத்தர்தா (ரலி) அவர்களின் வீட்டுக்கு ஸல்மான் ஃபார்ஸி (ரலி) போனபோது அந்த வீட்டுப் பெண்மணி அலங்காரமில்லாமல் வாடி இருந்ததைப் பார்த்துத்தான் விஷயத்தையே கண்டுபிடித்தார்கள். கணவர் பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை. ஸல்மான் (ரலி) அவரை நோன்பை விடவைத்துச் சாப்பிட வைத்தார்கள், இரவில் தூங்க வைத்தார்கள், கடைசிப் பகுதியில் எழுப்பி இருவரும் சேர்ந்து தொழுதார்கள். ரப்புக்கும், உன் உடலுக்கும், உன் குடும்பத்துக்கும் உன் மீது உரிமை உண்டு. ஒவ்வொருவருக்கும் அவரவர் உரிமையைக் கொடு என்று அறிவுரை சொன்னார்கள். ஸல்மான் சொன்னது உண்மை என்று நாயகம் (ஸல்) முத்திரை வைத்தார்கள். வணக்கத்துக்காகக்கூட உடலின் உரிமையைப் பறிக்கக் கூடாது என்றால், ஸ்டேட்டஸுக்காகப் பறிக்கலாமா?

வேன் டிரைவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ராத்திரி முழுக்க ஓட்டிக்கொண்டு வருகிறார். நாம் குளிக்கிறோம், அவர் வண்டிக்குக் காவல். நாம் ரூமில் படுக்கிறோம். அவர் சீட்டில் சாய்ந்துகொண்டு கொசுவோடு போராடுகிறார். மூன்றாம் நாள் அவர் கையில்தான் நம் மொத்தக் குடும்பமும் இருக்கிறது. நம் கீழ் வேலை செய்கிறவர்கள் மீது தாங்க முடியாத சுமையை வைக்கக் கூடாது, வைத்தால் நாமும் உதவ வேண்டும் என்பது அபூதர் (ரலி) அறிவிக்கும் புகாரி ஹதீஸின் கருத்து. ரூம் போடும்போது டிரைவருக்கும் ஒரு கட்டில் சேர்த்துப் போடுங்கள். திரும்பும் பயணத்தைப் பகலில் வையுங்கள். பஜ்ரையும் காப்பாற்றலாம், உயிரையும் காப்பாற்றலாம்.

பயணத் தொழுகை

விடுமுறையில் முதலில் கைவிடப்படுவது தொழுகை. தொழுகையைக் கொண்டு தனக்கு ஓய்வு தரும்படிதான் நாயகம் (ஸல்) பிலால் (ரலி) அவர்களிடம் சொல்வார்கள். ஓய்வு தேடி வந்த இடத்தில் அந்த ஓய்வைத் தூக்கிப் போடுவது என்ன கணக்கு என்று எனக்குப் புரியவில்லை.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹனஃபி மத்ஹபில் 48 மைல், அதாவது சுமார் 77 கிலோமீட்டர் தூரம் போகும் நோக்கத்தோடு ஊர் எல்லையைத் தாண்டினால் அவர் முஸாஃபிர். ஷாஃபிஈ மத்ஹபில் அதைவிடச் சற்றுக் கூடுதல், 80ஐத் தாண்டும். மதுரை, சென்னையிலிருந்து வந்தவர்கள் நிச்சயமாக முஸாஃபிர்கள். நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கித் தொழ வேண்டியவர்கள். ஹனஃபியில் பதினைந்து நாட்களுக்குள் திரும்பும் எண்ணமிருந்தால் இந்தச் சட்டம் நீடிக்கும். ஷாஃபிஈயில் வந்த நாளும் போகும் நாளும் நீங்கலாக முழுதாக நான்கு நாட்கள் தங்கும் எண்ணம் இருக்கக் கூடாது. அவர்கள் ளுஹரையும் அஸரையும், மக்ரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழவும் அனுமதி உண்டு. ஆனால் திருநெல்வேலி, மேலப்பாளையத்திலிருந்து வந்தவர்களே, நீங்கள் வந்த தூரம் 60 கிலோமீட்டரை ஒட்டித்தான். சாமான் மூட்டை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் உங்களுக்கு கஸ்ர் கிடையாது. உள்ளூர் இமாமைப் பின்பற்றித் தொழுதால் முஸாஃபிரும் நான்கு முழுமையாகத் தொழ வேண்டும்.

அருவியில் குளித்தால் குளிப்புக் கடமை நிறைவேறுமா என்று ஒரு தம்பி கேட்டார். நிய்யத் வைத்து, வாய் கொப்பளித்து, மூக்குக்குத் தண்ணீர் செலுத்தி, உடல் முழுவதும் நனைந்தால் தாராளமாக நிறைவேறும். இவ்வளவு பெரிய ஷவர் யாருக்குக் கிடைக்கும்! ஆனால் தொப்புளிலிருந்து முழங்கால் வரை மறைத்துக்கொண்டு நில்லுங்கள். நனைந்தால் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய துணி மறைவாகாது. போனைத் தூக்கிக்கொண்டு அடுத்த குடும்பம் குளிப்பதை வீடியோ எடுப்பவர்களுக்கும் சொல்கிறேன்: தெருவோரத்தில் உட்காருவதற்கே பார்வையைத் தாழ்த்துவதை முதல் நிபந்தனையாக வைத்த மார்க்கம் இது.

தண்ணீருக்கும் உரிமை உண்டு. தண்ணீர்த் துறையிலும், பாதையிலும், நிழலிலும் அசுத்தம் செய்வது சாபத்துக்குரியது என்று நாயகம் (ஸல்) எச்சரித்ததை முஆத் (ரலி) அறிவிக்கிறார்கள். அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்புக்குத் தடை இருக்கிறது. சிற்றாறு குற்றாலத்தோடு முடிந்துவிடுவதில்லை. நீங்கள் விட்ட ஷாம்பு நுரை கீழே வயலுக்கும் குளத்துக்கும் வந்து சேருகிறது.

உயிர்

இப்போது சொல்லப் போவதைப் பெற்றோர்கள் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். 2024 மே 17, வெள்ளிக்கிழமை. சீசன்கூடத் தொடங்கவில்லை. கோடை மழை. பழைய குற்றால அருவியில் குடும்பம் குடும்பமாகக் குளித்துக்கொண்டிருந்தார்கள். மலைமேல் பெய்த மழையில் திடீரென்று வெள்ளம் இறங்கியது. ஜனங்கள் அலறியடித்து ஓடினார்கள். 17 வயதுச் சிறுவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனான். விடுமுறைக்கு வந்த பிள்ளை. அவனை அழைத்து வந்த குடும்பம் எப்படி வீட்டுக்குத் திரும்பிப் போயிருக்கும்?

உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும், வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது: அருவியின் தண்ணீர் நாம் நிற்கும் இடத்தில் பெய்த மழை அல்ல. நம் கண்ணுக்குத் தெரியாத மலைமேல் பெய்தது. கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வரலாம். தெளிவாக விழுந்துகொண்டிருந்த தண்ணீர் திடீரென்று செம்மண் நிறமானால், இலையும் சுள்ளியும் சேர்ந்து வந்தால், சத்தம் கூடினால், சோப்புப் பெட்டியைத் தேடாதீர்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு உடனே மேட்டுக்கு ஏறுங்கள்.

போலீஸ் குளிக்கத் தடை போட்டால் சண்டைக்குப் போகிறார்கள். ‘மெட்ராஸிலிருந்து வந்திருக்கோம், அஞ்சு நிமிஷம் விடுங்க சார்’ என்கிறார்கள். சிலர் வேறு வழியாகப் பாறையில் ஏறுகிறார்கள். அல்லாஹ் எழுதினபடி நடக்கும் என்று தவக்குல் வேறு பேசுகிறார்கள். உமர் (ரலி) அவர்கள் ஷாமை நோக்கிப் படையினரோடும் ஸஹாபாக்களோடும் புறப்பட்டு, ‘ஸர்க்’ என்ற இடம் வரை போய்விட்டார்கள். மதீனாவிலிருந்து எவ்வளவு தூரம்! அங்கே கொள்ளை நோய் பரவியிருப்பதாகச் செய்தி வந்ததும் திரும்பிவிட முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுகிறீர்களா என்று அபூஉபைதா (ரலி) கேட்டபோது, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்குத்தான் போகிறோம் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். ஒரு பள்ளத்தாக்கில் ஒரு கரை பசுமையாகவும் மறு கரை வறண்டும் இருந்தால், எதில் ஒட்டகத்தை மேய்த்தாலும் அல்லாஹ்வின் விதிப்படிதானே என்று விளக்கினார்கள். கலீஃபாவே பாதி வழியில் திரும்பினார்கள். நாம் தடையைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் என்ன குறைந்துவிடும்? தூரத்தில் நின்று பாருங்கள். ஒரு டீ குடியுங்கள். அருவி எங்கும் போகாது.

கடன் வாங்கிச் சுற்றுலா போவது இப்போது ஒரு வழக்கமாகி வருகிறது. செல்போன் ஆப்பில் லோன், கார்டில் இழுப்பு, அதற்கு வட்டி. நாயகம் (ஸல்) அடிக்கடி கேட்ட ஒரு துஆவை அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். கவலை, துக்கம், இயலாமை, சோம்பல், கஞ்சத்தனம், கோழைத்தனம், கடன் சுமை, மனிதர்களின் அடக்குமுறை இவற்றிலிருந்து பாதுகாப்புத் தேடும் துஆ. மன அழுத்தத்தைப் பற்றி இன்று பேசுவதெல்லாம் இந்த எட்டுக்குள் வந்துவிடும். கவலையும் கடனும் ஒரே துஆவில் இருப்பதைப் பாருங்கள். கவலையைக் கழிக்கக் கடன் வாங்கினால், துஆவின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் குதிக்கிறோம், அவ்வளவுதான். கையில் இருப்பதற்கு ஏற்ற இடத்துக்குப் போங்கள். தென்காசிப் பிள்ளைகளுக்குச் சைக்கிளில் போகும் தூரத்தில் அல்லாஹ் வைத்திருக்கிறான்.

இங்கே கடை வைத்திருக்கும், ரூம் விடும், ஆட்டோ ஓட்டும் நம் மக்களுக்கும் ஒரு வார்த்தை. சீசன் உங்கள் ரிஸ்க். சம்பாதியுங்கள். ஆனால் வெளியூர்க்காரன்தானே என்று இரண்டு மடங்கு வாங்காதீர்கள். விற்கும்போதும் வாங்கும்போதும் கடனைக் கேட்கும்போதும் தாராளமாக நடப்பவருக்கு நாயகம் (ஸல்) ரஹ்மத்தை வேண்டி துஆ செய்திருக்கிறார்கள். அந்த துஆவில் பங்கு கிடைப்பதை ஒரு ரம்புட்டான் கிலோவில் விட்டுவிடாதீர்கள்.

கடைசியாக, வளைகுடாவிலிருந்து லீவில் வந்திருக்கும் சகோதரர்கள். கடையநல்லூர், வடகரை, இந்த வட்டாரம் முழுக்க இதே கதைதான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நாற்பது நாள். வந்த அன்றிலிருந்து கொத்தனார், பத்திர ஆபீஸ், கல்யாணம், யாருக்கு என்ன கொண்டு வந்தாய் என்ற விசாரணை. நாற்பதாவது நாள் விமான நிலையத்தில், மகனிடம் உட்கார்ந்து பேசவே இல்லையே என்று நினைவு வருகிறது. பயணம் வேதனையில் ஒரு பகுதி. அது தூக்கத்தையும் உணவையும் தடுக்கிறது. வேலை முடிந்ததும் குடும்பத்திடம் விரைந்து திரும்புங்கள் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) சொன்னார்கள். விரைந்து வந்தீர்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் வந்து சேர்ந்தது குடும்பத்திடமா, கட்டுமான வேலையிடமா? சொந்தக்காரர்களே, அந்த மனிதரைக் கொஞ்சம் விடுங்கள். முதல் ஒரு வாரத்துக்கு அவர் வீட்டுக் கதவைத் தட்டாதீர்கள். கடன் கேட்பதென்றால் பத்து நாள் கழித்துக் கேளுங்கள். வீட்டில் தூங்கட்டும், மனைவி மக்களோடு ஐந்தருவிக்குப் போய்விட்டு வரட்டும்.

ஜுமுஆவுக்குப் பிறகுதான் நாங்கள் மதிய உணவும் உண்போம், ‘கைலூலா’ என்ற பகல் தூக்கமும் தூங்குவோம் என்று ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) சொல்கிறார்கள். ஜுமுஆவிலிருந்து போய்ப் படுத்துத் தூங்கியிருக்கிறார்கள் ஸஹாபாக்கள்! இன்றைக்கு அதைச் செய்து பாருங்கள். சாப்பிட்டுவிட்டு, போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு, அரை மணி நேரம் படுங்கள். சாரல் சத்தம் கேட்டால் கேட்டுக்கொண்டு கிடங்கள். அஸர் பாங்கு எழுப்பிவிடும்.

யா அல்லாஹ், இந்த மலைக்கு வந்திருக்கும் ஒவ்வொரு குடும்பத்தையும் வந்தபடியே நல்லபடியாக வீடு சேர்ப்பாயாக. ஆமீன்.

ஸுன்னத் தொழாதவர்கள் எழுந்து தொழுதுகொள்ளுங்கள்.